ரத்தம் இறங்கும் ஒரு மணி நேரம்

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மட்டும் லேப்காரர் சட்டைக்கு இஸ்திரி போடுவார். மற்ற நாட்களில் அவர் சட்டை எப்படி இருக்கும் என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் மரியாதை. லேபுக்குள் நுழைந்ததும் மேலே வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொள்ளப் போகிறவருக்கு, உள்ளே இருக்கிற சட்டை கசங்கினால் என்ன, கசங்காவிட்டால் என்ன? இது அவருக்கும் தெரியும். அவருடைய அண்ணிக்கு அதைவிட நன்றாகவே தெரியும்.

"என்ன தம்பி, இன்னைக்கு ரத்தம் எடுக்கப் போறீங்களா, இல்ல பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டு அண்ணி கேட்பார்.

"போங்க அண்ணி. துவைச்சது இது ஒண்ணுதான் இருந்துச்சு."

"ஆமா ஆமா. மாசத்துல முதல் செவ்வாய்க்கிழமை மட்டும் அது சொல்லிவச்ச மாதிரி காஞ்சிடுது."

லேப்காரர் அசடு வழியச் சிரித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வெயிலோ மழையோ, குடை இல்லாமல் அவர் எங்கும் போனதில்லை. எதற்கும் முன்கூட்டியே தயாராக இருப்பார், எதையும் ஆரம்பிக்க மாட்டார். நாற்பத்தாறு வயது வரை அவர் வாழ்ந்த வாழ்க்கையை இந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம்.

ஒரு காலத்தில் அவருக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருமே நல்லவர்கள். ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நடந்துகொண்டதில், ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகள் இருப்பதுபோல ஆகிவிட்டது. சண்டை போடாமலே பிரிந்தார்கள். அந்தம்மா வேறு ஊரில் வேறு ஒருவரைக் கட்டிக்கொண்டு நன்றாக இருப்பதாகக் கேள்வி. இவர் அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறையும் ஒரு ஜன்னலுமாகத் தங்கிவிட்டார். அண்ணி போடுகிற சாப்பாடு, பத்து மணிக்கு முன்பே தூக்கம், இருபது வருஷமாக அதே லேப்.

லேப் இருப்பது ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில். முன்னால் காத்திருக்கும் இடம், நடுவில் ஒரு மரத் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் மேஜையும் மெஷின்களும். மேல்மாடியில் மூட்டு வைத்தியம் பார்க்கிற டாக்டர். அவர் கொஞ்சம் பிடிவாதக்காரர். இரண்டு பரிசோதனை முடிவுகளைக் கையில் வாங்கிப் பார்க்காமல் நோயாளியின் முகத்தையே பார்க்க மாட்டார் என்று கட்டடத்தில் கேலி உண்டு. ஒன்று சி.ஆர்.பி. இன்னொன்று இ.எஸ்.ஆர்.

முடக்குவாதம் என்பது விநோதமான வியாதி. உடம்பு தன்னுடைய மூட்டுகளையே பகையாளி என்று நினைத்துக்கொண்டு சண்டைக்குக் கிளம்பிவிடும். அந்தச் சண்டை உள்ளே எவ்வளவு மும்முரமாக நடக்கிறது என்பதை ரத்தம் காட்டிக்கொடுக்கும். உடம்பில் அழற்சி இருந்தால் கல்லீரல் ஒரு புரதத்தை அள்ளி விடும். அதை அளப்பது சி.ஆர்.பி. மெஷினில் வைத்தால் சில நிமிஷத்தில் எண் வந்துவிடும். இ.எஸ்.ஆருக்கு அந்த அவசரமெல்லாம் கிடையாது. மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி, ஸ்டாண்டில் செங்குத்தாக நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். சிவப்பணுக்கள் மெல்ல மெல்ல அடியில் இறங்கும், மேலே மஞ்சளாகத் தெளிந்த நீர் நிற்கும். அழற்சி அதிகமாக இருந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கடுக்காகச் சேர்ந்துகொண்டு வேகமாக இறங்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியதோ, அதுதான் எண். இதற்கும் இப்போது மெஷின் வந்துவிட்டது. ஆனால் டாக்டருக்குக் குழாயில்தான் நம்பிக்கை.

அதனால் மூட்டு வலிக்காரர்கள் ரத்தம் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் கீழே காத்திருக்க வேண்டியிருந்தது. சிலர் வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவார்கள், சிலர் போனில் யாரையாவது திட்டிக்கொண்டு இருப்பார்கள். சாவிக்காரி மட்டும் தடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து லேப்காரரோடு பேசிக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. அப்பா விட்டுப்போன பூட்டு சாவிக் கடையை அவளும் அவள் தம்பியும் நடத்திவந்தார்கள். நடத்தினார்கள் என்று சொன்னால் அது தம்பிக்குக் காட்டுகிற மரியாதை. சாவியை வைஸ் பிடியில் இறுக்கி, அரத்தால் ராவி, பல் பல்லாக வெட்டி எடுப்பது அவள் கை. மெஷினில் வெட்ட முடியாத பழங்காலத்துப் பூட்டு எது வந்தாலும் அவளிடம்தான் வரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் எழுந்தபோது விரல்கள் மடங்கவில்லை. தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். அன்றிலிருந்து அரத்தைத் தம்பி வாங்கிக்கொண்டான், அவள் கடைவாசலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குப் பதில் சொல்லுகிறவள் ஆகிவிட்டாள்.

முதல் முறை அவள் வந்தபோது குழாயில் ரத்தம் எண்பத்தெட்டு இறங்கியிருந்தது. வலியில் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. லேப்காரர் ஊசியை எடுத்தபோது, "சார், எங்க வேணா குத்துங்க. கையை மட்டும் அழுத்திப் பிடிச்சிடாதீங்க" என்றாள். அவர் மணிக்கட்டைத் தொடாமல், முழங்கைக்குக் கீழே ஒரு துண்டை மடித்து வைத்து, பச்சைக் குழந்தைக்கு எடுப்பதுபோல எடுத்தார். அதற்கப்புறம் அவள் வேறு யாரையும் ஊசி போட விட்டதில்லை.

அந்த ஒரு மணி நேரங்களில் அவர்கள் பேசாத விஷயம் கிடையாது. ஒரு செவ்வாய்க்கிழமை அவள் சொன்னாள்.

"நேத்து ஒருத்தர் வந்து, வீட்டுப் பூட்டு திறக்க மாட்டேங்குது, உடனே வாங்கன்னாரு. தம்பியையும் கூட்டிக்கிட்டு வேகாத வெயில்ல போறேன் சார். போய்ப் பாத்தா, உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கு. பொண்டாட்டி உள்ளதான் இருக்காங்க!"

"அப்புறம்?"

"அப்புறமென்ன, பூட்டு நல்லாத்தான் இருக்கு, நான் எதைத் திறக்கறதுன்னு கேட்டேன். அவரு, 'கொஞ்சம் பேசிப் பாருங்களேன்'ங்கறாரு. அதுக்கு எங்க கடையில சாவி கிடையாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

லேப்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். இந்த மனுஷனுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

இவரும் சளைத்தவரில்லை. பெண்டாட்டிக்கு ரத்தம் எடுக்கத் துணைக்கு வந்து, ஊசியைப் பார்த்ததும் தொப்பென்று மயங்கி விழுந்த பயில்வானின் கதையைச் சொன்னார். கடைசியில் பெண்டாட்டி ஒரு கையில் பஞ்சை வைத்துக்கொண்டே மறு கையால் அவருக்கு விசிறிவிட்டதை நடித்தே காட்டினார். வீட்டுக்குப் போய் அதே கதையைச் சொன்னபோது அண்ணி, "இருபது வருஷமா இதையெல்லாம் எங்க தம்பி ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று கேட்டார்.

ஆசை வந்துவிட்டது என்பதை அவர் தனக்குத் தானே ஒப்புக்கொள்ளவே ஒரு வருஷம் பிடித்தது. ஒப்புக்கொண்ட பிறகு, அவளிடம் எப்படிச் சொல்லுவது என்று ஒரு வாக்கியத்தைத் தயார் செய்ய ஆரம்பித்தார். குளிக்கும்போது ஒரு மாதிரி சொல்லிப் பார்ப்பார், பஸ்ஸில் போகும்போது வேறு மாதிரி மாற்றுவார். செவ்வாய்க்கிழமை அவள் முன்னால் உட்காரும்போது அந்த வாக்கியம் தொண்டைக்குழி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

இதற்குள் மருந்து வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. எண்பத்தெட்டு அறுபதானது. அறுபது நாற்பத்தைந்தானது. ஒவ்வொரு முறை எண் குறையும்போதும் அவள் முகத்தில் ஒரு சுற்று வெளிச்சம் கூடும். மாத்திரையால் வாயெல்லாம் புண், முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது, ஆனாலும் விரல் மடங்குகிறது சார் என்று மடக்கிக் காட்டுவாள். லேப்காரருக்குச் சந்தோஷமாக இருக்கும். சந்தோஷத்துக்கு அடியில் இன்னொன்று உட்கார்ந்திருக்கும். எண் குறையக் குறைய இவள் இங்கே வர வேண்டிய அவசியமும் குறையும் அல்லவா? நோய் தீரட்டும் என்று நினைக்கிற மனசே, அவ்வளவு சீக்கிரம் தீர வேண்டுமா என்றும் கேட்டது. இப்படி ஒரு நினைப்பு வந்ததற்காக அவர் தன்னைத் தானே காறித் துப்பாத குறை. துப்பினாலும் நினைப்பு போகவில்லை.

அப்படி ஒரு முதல் செவ்வாய்க்கிழமை அவள் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டாள். கண்ணெல்லாம் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது, வாயெல்லாம் சிரிப்பு.

"ராத்திரி பூரா தூங்கலை சார். வலி இல்ல. ஆசையில தூக்கம் வரலை. தம்பி என் அரத்தை எடுத்துத் துடைச்சு மேஜை மேல வச்சிருக்கான். ஒரு பழைய பீரோப் பூட்டு வந்திருக்கு, அவனால முடியலை. 'அக்கா, நம்பர் ரெண்டும் இறங்கிடுச்சுன்னு டாக்டர் சொல்லட்டும், நீயே வெட்டு'ன்னுட்டான்."

"இறங்கிடும், இறங்கிடும்" என்றபடி லேப்காரர் ரத்தம் எடுத்தார்.

"இன்னைக்கு இருபதுக்குக் கீழ வந்துட்டா மாசா மாசம் வர வேண்டாமாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாத்தா போதுமாம். அதுவும் எங்க வீட்டுப் பக்கத்துலயே ஒரு லேப் இருக்காம், அங்கயே குடுத்துக்கலாம்னாரு."

"ரொம்ப நல்லது" என்றார் லேப்காரர். குரல் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

தடுப்புக்குப் பின்னால் போய்க் குழாயில் ரத்தத்தை ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்தினார். நிறுத்தியதும் கண்ணில் பட்டது. ஸ்டாண்டின் ஒரு கால் தேய்ந்தது. அதற்குக் கீழே ஓர் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருப்பார். காலையில் மேஜை துடைத்தவர் குப்பை என்று அதை எடுத்துப் போட்டுவிட்டார்போலும். ஸ்டாண்ட் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பார்க்கிறவர்களுக்குப் பெரிய சாய்வாகத் தெரியாது. ஆனால் குழாய் கொஞ்சம் சாய்ந்தாலும் போதும், அணுக்கள் அடிப்பக்கத்துக் கண்ணாடியில் சறுக்கிக்கொண்டு மளமளவென்று இறங்கிவிடும். எண் பொய்யாக ஏறிவிடும். இந்தத் தொழிலில் முதல் வாரத்திலேயே சொல்லித்தருகிற பாடம் இது.

நேராக்க அவர் கை போனது. போன கை பாதி வழியில் நின்றது. ஒரு மாதம்தானே என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. இன்னும் ஒரே ஒரு மாதம், அதற்குள் சொல்லிவிடலாம். கை திரும்பி வந்து கோட்டுப் பைக்குள் புகுந்துகொண்டது.

அந்த ஒரு மணி நேரம் அவள் பூட்டைப் பற்றியே பேசினாள். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். சி.ஆர்.பி. மெஷினில் மூன்று என்று வந்தது, ஆரோக்கியமான ஆளுக்கு இருக்கிற அளவு. ஒரு மணி நேரத்துக்கு வைத்திருந்த டைமர் மணி அடித்ததும் போய்க் குழாயைப் பார்த்தார். முப்பத்தெட்டு.

"முப்பத்தெட்டு மேடம்."

அவள் சிரித்துக்கொண்டே, "பதினெட்டா?" என்றாள்.

"முப்பத்தெட்டு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட அவர் தாக்குப்பிடித்திருப்பார். தன் வலது கையைத் தூக்கி, ஏதோ கடையில் வாங்கின சாமானைத் திருப்பிப் பார்ப்பதுபோல இப்படியும் அப்படியும் பார்த்தாள். விரல்களை மடக்கினாள், விரித்தாள்.

"வலிக்கலையேன்னு நானா சந்தோஷப்பட்டுட்டேன். ஒரு மாசமா வலியே இல்ல சார். அப்போ அது பொய்யா? உள்ள எரிஞ்சுக்கிட்டேதான் இருந்திருக்கா?" என்றாள். பிறகு அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். "சரி விடுங்க. என்னைவிட உங்க குழாய்க்குத்தானே தெரியும்."

 ஒரு மாதத்தைத்தான் திருடப் போகிறோம் என்று லேப்காரர் நினைத்திருந்தார். அவளுடைய வலியில்லாத நாட்களைக்கூடப் பொய் என்று அவளையே நம்பவைத்துவிட்டோமே என்று இப்போதுதான் உறைத்தது. இதோ இந்த எண்ணை எடுத்துக்கொண்டு மேலே போவாள். டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். மறுபடி வாய்ப் புண், மறுபடி முடி.

"இருங்க, இருங்க, போகாதீங்க. இது தப்பு. ஸ்டாண்ட் சாஞ்சு நின்னிருக்கு. என் தப்பு மேடம், நான்தான் சரியா வைக்கலை" என்று படபடவென்று கொட்டினார். "ரத்தம் இன்னொரு டியூப்ல மிச்சம் இருக்கு, மறுபடி குத்த வேண்டாம். மறுபடி வச்சுப் பாத்துடலாம்."

அவள் அவரையே பார்த்தாள். சந்தேகப்பட்டாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இன்னும் ஒரு மணி நேரமா?"

"ஒரு மணி நேரம்தான்."

"சரி. எனக்கென்ன, கடைய தம்பி பாத்துக்குவான்" என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மருந்துப் பெட்டி ஒன்றின் அட்டையைக் கிழித்து, மடித்து, ஸ்டாண்டின் காலுக்குக் கீழே செருகினார். குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். குழாய் ஆணி அடித்ததுபோல நேராக நின்றது. அப்போதுதான் அவருக்கு ஒன்று புரிந்தது. ஒரு மாதம் கேட்டார், ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது. போதும், ஒரு வாக்கியம் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? முகத்தைக் கழுவிக்கொண்டார். தலையைக் கையால் கோதிக்கொண்டார். சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, தடுப்பைத் தாண்டி வந்தார்.

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தலை சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, ராத்திரி முழுவதும் விழித்திருந்ததற்கெல்லாம் சேர்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கைகள் மடியில் கிடந்தன. இந்த இரண்டு வருஷத்தில் அந்தக் கைகளை அவர் இப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. எப்போதும் ஒன்றை ஒன்று பிடித்துக் காபந்து பண்ணிக்கொண்டேதான் இருக்கும். இன்றைக்குத்தான் அவிழ்த்துப் போட்டதுபோலக் கிடந்தன. முட்டிகளில் வீக்கம் வடிந்து விரல்களுக்கு அவற்றின் சொந்த உருவம் திரும்பியிருந்தது. அரம் பிடித்துக் காய்த்த இடம்கூட மிருதுவாகிப் போயிருந்தது.

எழுப்பலாமா என்று நினைத்தார். இரண்டு முறை மெதுவாகச் செருமியும் பார்த்தார். மூன்றாவது முறை செரும மனசு வரவில்லை. மின்விசிறி அவள் முகத்தில் நேராக அடிக்காதபடி அதன் தலையைத் திருப்பிவைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் தடுப்பின் இடுக்கு வழியாகக் குழாய் தெரிந்தது. இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவளுடைய ரத்தம்.

இவளோடு ஒரு வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்தார். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. மத்தியானத்தில் அவள் தூங்குவாள், இவர் சத்தம் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான் கேட்டார். அது அதிகமா?

பாதி நேரம் ஆனபோது எழுந்து போய்க் குழாயைப் பார்த்தார். சிவப்புத் தூண் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. அப்படியே மேஜை ஓரத்தில் நின்றுவிட்டார். இத்தனை மாதங்களாகத் தன் மனசு எந்தப் பக்கம் இழுத்தது என்று அவருக்குத் தெரியும். ஆனால் இப்போது, தூங்குகிற அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வந்து நிற்கையில், "நில்லு, இறங்காதே, அங்கேயே நில்லு" என்று உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. இறங்காவிட்டால் எண் குறையும், அவள் போய்விடுவாள். போகட்டும். அரத்தைப் பிடிக்கட்டும், பீரோவைத் திறக்கட்டும். கண்ணாடிக்குள் இருந்த அந்தச் சிவப்புக்கு முன்னால் நின்று கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டதால் கோடுகள் கலங்கித் தெரிந்தன. கோட்டு நுனியால் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

மணி அடித்தது. பதினான்கு.

அவளை எழுப்பி எண்ணைச் சொன்னபோது அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காகிதத்தைப் பறித்துக்கொண்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியேறி ஓடினாள். மூட்டு வலிக்காரி படியேறி ஓடுவதைக் காத்திருந்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தாள். நேரே வாசலுக்குப் போயிருக்கலாம். போகாமல் தடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஆறு மாசம் சார்! வீட்டுப் பக்கத்துலயே குடுத்துக்கச் சொல்லிட்டாரு. உங்ககிட்ட சொல்லாம போக மனசு வரலை."

"சந்தோஷம் மேடம். பூட்டைத் திறங்க முதல்ல."

"திறந்துடுவேன்." அவள் தயங்கினாள். அந்த நாற்காலியையும் மேஜையையும் ஊசிகள் வைத்திருக்கிற தட்டையும் ஒரு பார்வை பார்த்தாள். "ஒண்ணு சொன்னா தப்பா நெனச்சுக்கக் கூடாது. நீங்க எவ்வளவு நல்லாப் பாத்துக்கிட்டீங்க. ஆனா இங்க உள்ள வரும்போதெல்லாம் எனக்கு அந்த முதல் நாள் வலிதான் ஞாபகம் வரும். இந்த ரூமுக்கு இனிமே வரவே கூடாதுன்னு எப்பவும் வேண்டிக்கிட்டுத்தான் உக்காந்திருப்பேன். சிரிச்சுப் பேசிக்கிட்டே இருப்பேன், உள்ள அதைத்தான் வேண்டிக்குவேன்."

லேப்காரருடைய அந்த வாக்கியம் தொண்டைக்குழி வரைக்கும் வந்தது. வந்து, அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"இதுல தப்பா நெனைக்க என்ன இருக்கு?" என்றார். "நானும் அதையேதான் வேண்டிக்கிட்டேன்."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. "அதான் பலிச்சிருக்கு" என்றாள். கைப்பையின் ஜிப்பை ஒற்றை விரலால் சர்ரென்று இழுத்து மூடிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தாள்.

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த இரண்டாவது ஒரு மணி நேரம் மட்டும் அது சத்தியமான உண்மை. அதற்கு முந்தின இரண்டு வருஷமும், அவள் தெருமுனை திரும்பிய அடுத்த நொடியிலிருந்தும், அவர் வேண்டிக்கொண்டது வேறு.